பேர் வைத்த பிறகு கட்டலாம்

12-9-81

இரவு ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன். "வயித்துப்பிள்ளைக்காரி இம்புட்டுத்தான் திம்பியா?" என்று கேட்ட அத்தையும் ஒன்றுதான் சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றே. விடியுமுன் கண்மாய்க்கரைக்குப் போக வேண்டும். அதற்கு நடுவில் வயிறு எதுவும் கேட்டுவிடக் கூடாது.

ஆரப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று உண்டு. அதை ஒரு வசதி என்று நான் நினைத்ததே இல்லை. கல்யாணமாகி இங்கே வந்த மறுநாள் விடியலில் அத்தை என் கையில் சொம்பைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

15-9-81

கரையோரத்துக் கருவேலங்காட்டை வெட்டுகிறார்கள். ப்ளாட் போடுகிறார்களாம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் முழுக்க இப்போது இதுதான் என்கிறார் இவர். எங்கள் மறைவு போகிறதே என்றேன். "அப்பாகிட்ட கேக்கலாம்" என்றார்.

கேட்கலாம் — யார் கேட்பது?

20-9-81

நானே கேட்டேன்.

மாமா தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டில் சாவி திறவுகோல், ஜன்னல் சாளரம். "பின்னாடி ஒரு கக்கூஸ் கட்டலாமா மாமா?" என்றதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"அது தமிழே இல்லம்மா. டச்சுக்காரன் சொல்லு. சிலோன் வழியா வந்து நம்மகிட்ட ஒட்டிக்கிச்சு. அந்தப் பேரே இந்த வீட்டுல வேணாம்."

அத்தை அடுப்படியிலிருந்து 'வா, வா' என்று கையை ஆட்டினார். கக்கூஸ் என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'அங்க' என்பார், அவ்வளவுதான்.

"அப்ப நல்ல தமிழ்ப் பேரா வச்சுக் கட்டுங்க மாமா." எப்படி என் வாயில் வந்ததோ! மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இது கேள்வி. பேரு முடிவாகட்டும், கட்டிருவோம்" என்றார்.

ஜெயித்துவிட்டேனா?

4-10-81, ஞாயிறு

தமிழ் மன்றத்து ஆட்கள் நாலு பேர் வந்து வீட்டு முன்பக்கப் பட்டாசாலையில் உட்கார்ந்து பேர் தேடினார்கள். கழிப்பறை என்றார் ஒருவர். கழிப்பு என்றால் பேய்க்குக் கழித்துப் போடுவதல்லவா, அதை வீட்டோடு வைக்கலாமா என்றார் மாமா. மறைவிடம்? திருடன் பதுங்குகிற மாதிரி இருக்கிறதாம். புறக்கடை? அது வீட்டுப் பின்பக்கம் முழுவதையும் குறிக்குமாம். இரண்டு தடவை காபி போட்டேன். முடிவாகவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டே நானும் யோசித்தேன். கொல்லைக்குப் போகிறேன், வெளிக்குப் போகிறேன், ஒதுங்கப் போகிறேன், காட்டுக்குப் போகிறேன், கம்மாக்கரைக்குப் போகிறேன். எல்லாமே போகிற பேச்சு. போய் இருக்கிற இடத்துக்கென்று ஒரு சொல் இல்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எந்த நேரமும் நடக்கிறவர்களுக்கு அது எதற்கு?

11-10-81

இன்றும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிறாம்.

19-10-81

விடாத மழை. கண்மாயில் தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டது. நாங்கள் உட்காருகிற இடம் முழுகிப்போச்சு. மிச்சம் இருப்பது காட்டை வெட்டி ப்ளாட்டுக்குக் கல் நட்ட அந்த வெட்டவெளிதான்.

23-10-81

எழுதவே கை கூசுகிறது. விடியலில் அத்தையும் நானும் ப்ளாட்டு ஓரம் உட்கார்ந்திருந்தோம். காவல்காரன் டார்ச் அடித்தான். எழுந்து ஓட எனக்கு முடியவில்லை, வயிறு. அத்தை என் முன்னால் வந்து நின்று சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டார். "பொம்பளைகடா! லைட்ட அணைடா!" என்று கத்தினார். அவன் சிரித்துவிட்டு மெதுவாகத்தான் அணைத்தான்.

வீட்டில் மாமா காபி கேட்டார். அத்தை போட்டுக் கொடுத்தார்.

27-10-81

நீர்க்கடுப்பு, காய்ச்சல். அம்மா வந்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். "தண்ணியே குடிக்கிறதில்லையா நீ? இது முத்துனா பிள்ளைக்கு ஆகாது" என்று திட்டினார். குடித்தால் எங்கே போவது, டாக்டர்?

அம்மா திரும்பி வந்து அத்தையிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "அடுத்த மாசம் எம் மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க ஒரு கக்கூஸு இல்லாம திருப்பி அனுப்ப மாட்டேன், மதினி." இவர் தலையைக் குனிந்துகொண்டார். அனுப்பாவிட்டால் என் குடித்தனம்? பயமாக இருக்கிறது. பிள்ளை இன்று அதிகம் அசையவும் இல்லை.

1-11-81, ஞாயிறு

பகல். நல்ல வெயில். பட்டாசாலையில் மன்றத்து ஆட்கள், நடுவில் மாமா. அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். ஒரு கையில் சொம்பு. இன்னொரு கையில் என் கை.

"ஏ சீனி, எங்க கெளம்பிட்ட?" என்றார் மாமா அத்தையைப் பார்த்து.

"கம்மாயில தண்ணி. காட்டுல கல்லு நட்டுட்டான். இருட்டுல போனா லைட்டு அடிக்கிறான். அதான் பகல்லயே போவோம்னு வந்தேன். பிள்ளைத்தாச்சி, காச்சலோட நிக்கிறா. எங்க கொண்டு போய் உக்கார வைக்கட்டும்? பேரை நீங்க மெதுவா வைங்க. எடத்தைச் சொல்லுங்க."

ஒருவரும் நிமிரவில்லை. ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். அத்தை அசையவில்லை.

இவர்தான் உள்ளேயிருந்து வந்து அந்தச் சொம்பை வாங்கினார். "நாளைக்குக் கொத்தனாரைக் கூட்டிட்டு வாரேன்மா" என்றார். அப்பாவைக் கேட்காமல் இவர் ஒரு வார்த்தை சொல்லி இன்றுதான் பார்க்கிறேன்.

2-11-81

கொத்தனார் முத்திருளன் வந்து பின்பக்கம் கயிறு பிடித்தார். பிள்ளை உதைக்கிறது.

18-4-82

மூன்று மாதப் பிள்ளையோடு நேற்று வந்து சேர்ந்தேன். பெண். அத்தை ஆலம் சுற்றினார்.

பின்பக்கம் சுண்ணாம்பு அடித்த சின்னக் கட்டடம், பச்சைக் கதவு. கதவுக்கு மேலே பேர் எழுதுவதற்கென்று ஒரு பட்டை பூசிவிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை. மன்றத்தில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

காலையில் பிள்ளை வீறிட்டு அழுதது. உரை மருந்து கொடுக்க அத்தையைத் தேடினேன். அடுப்படியில் இல்லை, தொழுவத்தில் இல்லை. மாமா பட்டாசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை எங்க மாமா?"

நிமிரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கக்கூஸ்ல இருக்கா. வருவா, இரு."

அத்தை அவசரப்படாமல்தான் வந்தார்.