கோப்பை வாங்க வருகிறவரிடம் நீங்களே பேசுங்கள்

ஏங்க,

நான் படம் வரைந்த கோப்பைகளைப் பார்க்கக் கடைக்காரர் வருகிறார். நீங்களே விலை பேசுங்கள். நேற்று, “உனக்கு வரையத்தான் தெரியும், விக்கத் தெரியாது” என்று சொன்னீர்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் யாராவது, “அழகா இருக்குங்க” என்றாலே விலையைப் பாதியாக்கிவிடுகிறேன், உண்மைதான். அதனால்தான் வெளியே கிளம்பிவிட்டேன்.

வண்ணம் பிடிக்கச் சூடாக்கிய கோப்பைகள் ஓவனில் இருக்கின்றன, அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். உள்ளேயே மெல்ல ஆறினால்தான் வண்ணம் நிற்கும். சட்டென்று குளிர்ந்தால் கோப்பை விரிசல் விடும். இதை அவருக்கும் பொறுமையாக விளக்குங்கள். விலை ஏன் கூடுதல் என்று அவருக்கே புரியும்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

தெருமுனையில்தான் நடந்துகொண்டிருப்பேன். பேசி முடிந்ததும் ஜன்னல் திரையை விலக்குங்கள், வந்துவிடுகிறேன்.

பி.கு.: எந்தக் கோப்பையை அவர் கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருக்கிறார் என்று பார்த்து வையுங்கள்.