செம்பன் எழுந்து நடந்தான்

வியாழன் இரவு, காரமடை.

பங்காளி பழனிசாமியின் வேட்டை நாய் செம்பனுக்கு இன்று காலில் ஆபரேஷன். என் கருப்பனோடு ஒரே ஈற்றில் பிறந்தவன். போன மாதம் கட்டி எடுக்கப்போன கருப்பன், மயக்க ஊசியிலிருந்து எழவே இல்லை. அதை மாட்டாஸ்பத்திரி டாக்டர் மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டாராம். உடம்பில் கொழுப்பில்லாத இந்தச் சிப்பிப்பாறை ஜாதிக்கு அந்த மருந்து ஆகாது என்று பதில் வந்ததாம். செம்பனுக்கு ஊசியை மாற்றிவிட்டார்.

சாயங்காலம் செம்பன் எழுந்து நடந்தான். பழனிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உங்க கருப்பனாலதானுங்கண்ணா இவன் பொழைச்சான்."

"சந்தோசம் தம்பி" என்றேன். வயிறு எரிந்தது.

குட்டிகளைப் பிரித்தபோது, மூத்தவன் என்று என்னைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார்கள். ஊசிக்கும் நானே முந்திக்கொண்டேன். அவன் முந்தியிருந்தால் இன்று நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.