கை தூக்கினால் நிற்கும் வண்டி

ஆகஸ்ட் 7, புதன்

நோட்டே, நல்லா இருக்கியா? உன்னை எடுத்து எத்தனை நாள் ஆகிறது! ஓரத்தை எலி கொஞ்சம் தின்றிருக்கிறது. என் முழங்காலும் ஏறக்குறைய அதே நிலைமைதான், கோவித்துக்கொள்ளாதே.

விடிந்ததும் சொரோட்டியிலிருந்து கிளம்பினோம். நான், எக்வாரு, ஒமொடிங். மூன்று பேரும் சந்தை முனையில் வாடகை பைக் ஓட்டுகிறவர்கள். மூன்று வண்டி. சனிக்கிழமை, நாட்டின் மறு கோடியில், மசாக்காவுக்கு அப்பால் ஒமொடிங்குக்குப் பெண்கேட்பு. பெண் நன்சாம்பா, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் மழையில் கை தூக்கினாள், இவன் நிறுத்தினான். அவ்வளவுதான் அவர்கள் கதை.

போன வருஷம் அவள் அப்பா செக்கிட்டோ இவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பைக்காரனுக்கா என் பொண்ணு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்தத் தடவை மனம் இறங்கி, "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வாசலைச் சாத்திருவேன். அதுக்கப்புறம் வந்தா வாழை மரத்தோட பேசிட்டுப் போங்க" என்றிருக்கிறார்.

உறவுக்காரர்கள் சனிக்கிழமை வேனில் வந்துவிடுவார்கள். ஒமொடிங் மட்டும், "அவ உக்காந்த வண்டியிலதான் போவேன்" என்று ஒரே பிடி. அதனால் நாங்கள் துணை. அங்கே பேசப்போகிறவன் நான். பெண்கேட்பில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, பேச்சாளிதான் எல்லாம். "ஒகுருட் அண்ணே, உன் வாய்க்கு இப்பதான் ஏத்த வேலை கெடைச்சிருக்கு" என்கிறான் பயல்.

சாயங்காலம் ஆகிவிட்டது. இன்னும் பக்கத்து ஊர் கூமிதான். ஏன் என்று கேள். வழியில் ஒரு அம்மா மரவள்ளி மூட்டையோடு கை தூக்கினாள். என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. மூளையைக் கேட்கவே இல்லை. அவளை ங்கோராவில் இறக்கிவிட்டுத் திரும்பினால், அங்கே ஒரு வாத்தியார் கை தூக்குகிறார்.

என் மாமாவிடம் ஒரு மாடு இருந்தது. கள்ளுப் பானை வைக்கிற வீட்டைக் கண்டால் தானாக நின்றுவிடும். மாமா செத்த பிறகும் நின்றது. அத்தை அதை விற்றாள். வாங்கினவன் குடிக்காதவன், ஆறே மாதத்தில் குடிகாரன் ஆகிவிட்டான். இருபது வருஷம் பைக் ஓட்டினவன் காலும் அந்த மாடு மாதிரிதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எக்வாரு தையல் மெஷினோடு ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு பலிசா பக்கம் போய்விட்டான். நாங்கள் மாமரத்தடியில் மூன்று மணி நேரம். திரும்பி வந்தவன் கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"என்னடா இது?"

"பாவம்ணே, மெஷினு கனம்."

"பாவம்னா மசாக்காவுக்குப் போற பாவமாப் பாத்து ஏத்தக் கூடாதாடா?"

கிழங்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் ஒமொடிங் வண்டியை எடுக்கவில்லை. சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கப்படி பெண்ணின் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய செவலைச் சேவல் அது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, வாசலைச் சாத்திட்டா அவ அப்பாரு மூணாந்தடவை கூப்பிட மாட்டாரு. அவளும் எத்தனை தடவைதான் எனக்காகச் சண்டை போடுவா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று பேரும் சேவல் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். யார் கை தூக்கினாலும் நிற்பதில்லை. கையைப் பார்ப்பதே இல்லை. ரோட்டின் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்ப்பது. நன்சாம்பாவோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறான் என்று அவன் போனையும் பிடுங்கி என் பையில் போட்டேன். பெரியவன் என்று ஒருவன் இருக்க வேண்டாமா?

வெயில் தாழ்வதற்குள் கம்பாலா வந்துவிட்டோம்! சத்தியத்துக்கு என்ன சக்தி பார்த்தாயா, நோட்டே.

ஆகஸ்ட் 10, சனி, காலை பதினொன்று

செக்கிட்டோ வீட்டுக்குக் கீழே வாழைத்தோப்பில் நிற்கிறோம். சடங்குக்கு வேண்டிய வெள்ளை அங்கி போட்டாயிற்று. உறவுக்காரர்கள் மேலே வாசலில். ஒமொடிங்கைக் காணோம்.

"பின்னாலதானேடா வந்தான்?"

"லுகாயா வரைக்கும் வந்தான். அப்புறம் முந்திட்டுப் போனான்ணே."

"முந்தினவன் இங்கல்ல இருக்கணும்?"

எக்வாரு தலையைச் சொறிந்தான். பிறகு பெருமையாகச் சொன்னான்: "அண்ணே, நான் இன்னிக்கு ஒருத்தருக்கும் நிக்கலை. ஒருத்தன் நடு ரோட்டுல குதிச்சுக் குதிச்சுக் கையாட்டினான். ஒரு கையில சேவல் வேற. அப்பவும் நான் கோட்டைத்தான் பாத்தேன்."

"சேவல் என்ன நிறம்?"

"செவலை."

அடப்பாவி! நானும் பாத்தேனே அந்தக் கைய! எவனோ ஒருத்தன்னு நெனச்சு வேகத்தை இல்ல கூட்டினேன்! போன் பண்ணலாம்னா — என் பைக்குள்ளதான் மணி அடிக்குது. இப்ப என்ன பண்ணுவேன்?

ஒமொடிங்கைத் தேடிவர எக்வாருவைத் துரத்திவிட்டேன். நான் உள்ளே போகிறேன். செக்கிட்டோ மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. பெண்ணின் அத்தை வந்து எங்கள் வரிசையில் மாப்பிள்ளை யார் என்று கண்டுபிடித்துக் கையைப் பிடிக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். அதுவரை பேச வேண்டும்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

பேசினேன், நோட்டே. பன்னிரண்டுக்குச் சொன்னபடி வாசலைச் சாத்தினார்கள். என் பாட்டனாருக்குப் பாட்டனார் கியோகா ஏரியைத் தோணியில் கடந்ததில் தொடங்கினேன். நடு ஏரியில் தோணியை நிறுத்தி மீன் வகைகளைச் சொன்னேன். மாமாவின் மாட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். பெண் வீட்டுப் பேச்சாளி இரண்டு தடவை கொட்டாவி விட்டார். ஜன்னல் வழியாக நன்சாம்பா எங்கள் வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் செக்கிட்டோ, "மாடு போதும். அத்தையக் கூப்பிடுங்க" என்றார்.

"அத்தை இன்னும் வந்து சேரலையே" என்றது ஒரு குரல்.

"அப்படியானால் அந்த மாட்டுக்கு ஒரு கன்று இருந்தது" என்றேன்.

கன்று பால்குடி மறப்பதற்குள் சரிவில் ஒரு பைக் முனகிக்கொண்டு ஏறியது. ஓட்டுகிறவன் பின்னால் ஒமொடிங். மடியில் ஒரு முழு வாழைத்தார், கக்கத்தில் சேவல். அவனுக்குப் பின்னால், சீட்டில் பாதியும் காற்றில் பாதியுமாக ஒரு பெரிய அம்மா. வண்டி நிற்பதற்குள் பயல் தோப்புக்குள் குதித்து, பின்பக்கமாக வந்து, அவசரத்தில் அங்கியை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மாதான் அத்தை. அவளுக்காக வாசலைத் திறந்தார்கள்.

வரிசையை அவள் தேடவே இல்லை. நேராக வந்து அவன் கையைப் பிடித்தாள். "இவன்தான்! லுகாயாவுலேருந்து என் தாரை மடியில வச்சிட்டு வந்த பிள்ளை. டயர் கிழிஞ்சு நின்னானாம். ரெண்டு சிநேகிதனுங்க பாத்தும் பாக்காமப் போனானுங்களாம், நாசமாப் போறவனுங்க."

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

செக்கிட்டோ கேட்டார். "அப்ப எவன்தான் நிறுத்தினான்?"

அத்தை வெளியே நின்ற பைக்காரனைக் காட்டினாள். "இதோ, இந்தப் பையன். யாரு கை தூக்கினாலும் நிக்கிறான். அதான் இவ்வளவு நேரம்."

செக்கிட்டோ அந்தப் பைக்காரனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் போட்ட அங்கியில் இருந்த இவனை. "ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடுங்க" என்றார். நன்சாம்பா உள்ளே ஓடினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

எக்வாரு இப்போதுதான் வந்தான். தேடிப் போனபோது எதிரே ஒரு பைக்கில் யாரோ சேவலைத் தூக்கி ஆட்டினார்களாம். சத்தியத்தை மீறக் கூடாதென்று வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே லுகாயா வரைக்கும் போய்விட்டானாம். ஒமொடிங் அவனோடு பேச மாட்டேன் என்கிறான். மாப்பிள்ளை பேசக் கூடாது, அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரு, யாரோ கூப்பிடுகிறார்கள்.

"ஏய், பேச்சாளி! உன் வண்டி சும்மாத்தானே நிக்குது? கடைத்தெரு வரைக்கும் என்னை விட்டுட்டு வா!"

செக்கிட்டோதான். வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். சேவல் தலையில் செய்த சத்தியம் இன்னும் செல்லுமா என்று தெரியவில்லை, ஆனால் என் கால் ஏற்கெனவே வண்டிப் பக்கம் போய்...