இரண்டு பொட்டலம் பூவும் ஒரு சின்ன விமானமும்

காஜா பெராங், மலாக்கா
12-5-1959

அன்பு மகள் பத்மினிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே அமெரிக்காவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, லீவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகிறேன், சின்ன விமானத்தில் ஏறி மேலிருந்து பார்க்கட்டுமா, விளிம்பில் நின்று பார்க்கட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து அப்பா பாதி ஆளாகிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டதைப் பேப்பரில் படித்தவர் அல்லவா. கம்பி போட்ட இடமாகப் பார்த்து, கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தால் போதும் என்கிறார். கம்பியைக் கண்டால் அதன் மேல் ஏறி உட்காருகிறவளுக்கு விமானம்தான் பத்திரம் என்றேன் நான். இங்கே பத்து பெரெண்டாமில் உள்ள விமானத் திடலில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுச் சேதுராமனும், எறக்கை மேல இருக்கிற பிளேனாப் பாத்து ஏறச் சொல்லுங்க அத்தே, எறக்கை கீழ இருந்தா பள்ளம் தெரியாது, எறக்கையத்தான் பாத்துக்கிட்டு வரணும் என்று எனக்குத் துணைக்கு வந்தான். அவனுக்கு இனிமேல் காப்பி கொடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைசியில் அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்பு வந்தால் விமானம், வெள்ளை வந்தால் விளிம்பு. பொட்டலம் கட்டுகிற வேலை என்னிடம் வந்தது, நான் சும்மா இருப்பேனா, இரண்டிலும் சிவப்பு அரளியையே வைத்து மடித்துவிட்டேன். கோவிலில் நான் கால் கழுவப் போனபோது பொட்டலத் தட்டை அப்பாதான் வைத்திருந்தார். பூசாரி அண்ணாமலை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார், வெள்ளை! நான் வைக்காத வெள்ளை எங்கிருந்து வரும்? கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன், கேட்காவிட்டால் நீ மாட்டிக்கொள்வாய். மற்றதையும் பிரிக்கச் சொன்னேன், அதுவும் வெள்ளை. அப்பா திருதிருவென்று முழித்தார். விழுந்து கும்பிட்டுத் தப்பிக்கப் பார்த்தவரின் சட்டைப் பையிலிருந்து நான் கட்டிய பொட்டலங்கள் இரண்டும் கீழே விழுந்தன, பூசாரி விடுவாரா, அவற்றையும் பிரித்துவிட்டார், இரண்டிலும் சிவப்பு. புருஷனும் பொஞ்சாதியும் ஆத்தாகிட்டயே வேலையக் காட்டிட்டீங்க, இனிமே அவளுக்கு இங்க என்ன வேலை என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். வழியில் அப்பா, பயம் எனக்குத்தான், அவளுக்கு இல்லியே, போவட்டும், ஆனா எந்த நாள்னு முன்கூட்டி எழுத வேணாம், எறங்கினப்புறம் எழுதட்டும் என்றார். ஆகவே உத்தரவு கிடைத்துவிட்டது. காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில் ஏறு, ஜன்னலோரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே, வயிற்றைப் புரட்டினால் நான் கட்டிக்கொடுத்த அசாம் போய் புளிப்புப் பழத்தில் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்.

அப்பாவிடம் சொல்லாதே, நான் ஒன்றும் தைரியத்தில் இரண்டிலும் சிவப்பு வைக்கவில்லை. ஒன்றில் வெள்ளை இருந்திருந்தால், அந்த வெள்ளையே வரட்டும் தாயே என்று நானும் வேண்டிக்கொண்டிருப்பேன்.

அம்மன் உன்னை மேலேயும் கீழேயும் காப்பாள். இறங்கியதும் எழுது.

உன் அம்மா,
சிவகாமசுந்தரி