நல்ல ரத்தம்

மார்ச் 4

என் பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இல்லை என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. கொண்டுபோய் விட்டும் வந்தாகிவிட்டது. ஆனாலும் மாதம் பிறந்தால் உனக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆறாவதோடு நின்றவளுக்கு எழுத்து மறந்துவிடும், போனில் பேசாதே, எழுது என்று அடம் பிடித்தவள் நீதானே. என் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவாய். இதில் எத்தனை இருக்கிறதோ, அப்படியே கிடக்கட்டும்.

ஆராய்ச்சிக் கூடத்தில் நின்றபடியே சரிந்தாயாம். ரத்தக் கொதிப்பு ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரம்மா, பால்காரர், வழி கேட்டு வந்தவன் என்று ஒருத்தரையும் விடாமல் கையில் பட்டையைச் சுற்றிக் கொதிப்பு பார்த்தவள் நீ. உனக்கா கொதிப்பு?

எந்த மாத்திரைக்கும் மசியாத என் கொதிப்புக்குக் காரணம் கண்டுபிடித்ததும் நீதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினாய்.

"அது உப்புக்கு வாட்ச்மேன்க்கா. உன் வாட்ச்மேன் ரொம்ப விசுவாசி, உப்பை வெளியவே விடமாட்டேங்கறான்."

அதிலிருந்த கட்டியை எடுத்ததும் என் தலைவலி போயிற்று. ராத்திரி தாகமும் கால் பிடித்து இழுப்பதும் நின்றன. கடைசியாக வந்தபோதுகூட அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீ போய்விட்டாய்.

நீ படுத்த அறையை இன்னும் பெருக்கவில்லை. தலைமாட்டில் தண்ணீர் ஜாடி காலியாக நிற்கிறது. எடுக்க மனசில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 2

பொடிசு,

உன் பக்கத்து மேஜைக்காரி, நீ சோடாபுட்டி என்று கூப்பிடுவாயே, அவள் வந்தாள். உன் வெள்ளைக் கோட்டையும் காது உடைந்த கோப்பையையும் கொண்டுவந்தாள். கொடுத்த டீ ஆறிப்போகும்வரை எதையோ மென்று விழுங்கிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடும்மா என்றேன்.

நோயாளி ரத்தத்தைச் சோதிக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க நோய் இல்லாதவர் ரத்தமும் வேண்டுமாம். அதற்கு வெளியே யாரைத் தேடுவது என்று நீங்களே முறை வைத்துக் கையை நீட்டிக்கொள்வீர்களாம். என் ரத்தம் வந்த அன்று உன் முறை. இரண்டு குழாயிலும் அந்தத் தொப்பிச் சுரப்பியின் சுரப்பு ஒரே மாதிரி எக்கச்சக்கமாகக் காட்டியதாம். நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாயாம். அக்கா ரத்தத்தையே இதிலேயும் ஊற்றித் தொலைத்துவிட்டேன் என்று உன் குழாயைக் கொட்டிவிட்டு, அவளைக் கை நீட்டச் சொன்னாயாம்.

"இன்னொரு தடவை உன்னோடதை எடுத்துப் பாத்துடலாம்டின்னேன்க்கா. 'போடி, எனக்கென்ன, நான் நல்ல ரத்தம்'னா."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

என் ரத்தம் உன் குழாயில் விழவில்லை பொடிசு. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம், அவ்வளவுதான்.

உன் அக்கா

மே 6

பொடிசு,

இன்றைக்கு என்னைப் பார்த்த டாக்டர், சில குடும்பங்களில் கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கும் என்றார். எனக்குக் கொதிப்பு அளவோடு இருக்கிறதாம். நர்ஸம்மா, "இப்பிடியே மெயின்டெயின் பண்ணுங்க, நூறு வயசு இருப்பீங்க" என்றாள். நூறு வயது வரை என்ன செய்ய என்று அவளிடம் எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்து அந்த ஜாடியை எடுத்துக் கழுவினேன். கழுவும்போதுதான் நினைவு வந்தது. நீ இருந்த நாளெல்லாம் காலையில் அது காலியாகத்தான் இருந்தது. நிரப்பி வைப்பேன், மறுபடியும் காலி. ஒட்டகத்தைப் பெற்றுவிட்டுப் போய்விட்டாளே அம்மா என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலை நீவிக்கொண்டே கேட்டாய்.

"அக்கா, கட்டியை எடுத்த உடனேயே தாகம் நின்னுச்சா, நாளாச்சா?"

என் மேல் உள்ள அக்கறை என்று நினைத்து ஒன்று விடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாய். மறுநாள் கிளம்பிப் போய் எப்போதும் போல வேலையில் இறங்கிவிட்டாய்.

சோடாபுட்டி சொன்னதைப் பார்த்தால் உனக்கு எதுவும் தெரியாது. இந்த ஜாடியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தெரியாமல் போனாய் என்றால் விதி என்று விழுந்து அழுதுவிடுவேன். தெரிந்துகொண்டும் என்னிடம் சொல்லாமல் போனாய் என்றால் எதைச் சொல்லிக்கொண்டு அழுவது? சோறு இறங்கவில்லை. உப்பில்லாத சோறுதான், நீ சொன்ன மாதிரியே.

இது ஒன்றை மட்டும் சொல்லிவிடடி. அன்றைக்கு நீ கேட்டது என் தாகத்தையா, உன் தாகத்தையா?