கரும்பாறைத் துறைக் கண் மருத்துவி நங்கைக்காக விடுத்த ஓலை

மழை பிழையாது, குடி நலியாது ஆளும் நீர்மலை வேந்தர் இளம்பொறையனார் திருவாய்மொழிப்படி, அமைச்சர் ஆதன்பெருங்கணி, கல்லாற்று நாட்டுத் தலைவர் மாறங்கோவருக்கு விடுக்கும் ஓலை. நும் நாடும் நும் மனையும் நலம் பெறுக.

நும் எல்லையில் கரும்பாறைத் துறையில் தனியே வாழும் கண் மருத்துவி வெண்காட்டு நங்கையைக் குறித்தது இது. கண்ணில் கட்டி வந்து அவள் தமையர் இருவரும் மழலையிலேயே மாண்டனர். இரண்டு வயதில் இடக்கண்ணை அகற்றியதால் அவள் பிழைத்தாள். சாபக்குடி என்று ஊர் ஒதுக்க, மணமும் மறுத்து, இருபத்தேழு ஆண்டு இந்நோயையே ஆராய்ந்தாள்.

அவள் கண்டறிந்து வேந்தருக்கு எழுதியது இது: உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் பெருக்கத்தை அடக்கும் மரபணு இரண்டு உண்டு, ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். கண்ணில் இரண்டும் கெட்ட அணு அடங்காது பெருகிக் கட்டியாகும். பிற குடிகளில் இரண்டும் ஓரணுவில் கெடுவது அரிது. ஆதலின் நோய் ஒரு கண்ணில், பிந்தி வரும். அவள் குடியில் ஒன்று பிறவியிலேயே பழுது. ஆதலின் முந்தி வரும், பெரும்பாலும் இரு கண்ணிலும் வரும். நோயே காணாது வாழ்ந்து, பிள்ளைக்குப் பழுதைக் கொடுப்பாரும் உளர்.

அவள் தம்பி சேந்தன் அத்தகையோன் என அஞ்சி, அவனுக்கு மகள் பிறந்தபோது திங்கள்தோறும் குழந்தையைக் காட்டுமாறு வேண்டினாள். அவன் மறுமொழியை அவன் சொன்னபடியே எழுதுகிறோம்: "அக்கா, என் ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு? நீ வந்து போனா ஊரு எங்களையும் ஒதுக்கிடும். வராதே." அவள் அவன் வீட்டு வாயிலைக் கடவாமலே திரும்பினாள்.

குழந்தையின் எட்டாம் திங்களில் சேந்தன் மனைவி பொன்னிலை, கணவன் அறியாமல் குழந்தையைத் தூக்கி ஓடி வந்தாள். "மதினி, வெளிச்சம் பட்டா புள்ள கண்ணு வெள்ளையா மின்னுது, பாருங்க" என்று அழுதாள். நங்கை அன்றே இடக்கண்ணை அகற்றி உயிரைக் காத்தாள். வலக்கண் அப்போது தெளிவாயிருந்தது. மூன்று நாள் அவள் வீட்டில் பிள்ளைக் குரல் கேட்டது. நான்காம் நாள் சேந்தன் வந்து, தமக்கையின் முகம் பாராது, இருவரையும் அழைத்துப் போனான். பின்னர் நும் ஊரவை அத்துறைக்குச் செல்லும் வழியையே முள்ளிட்டு அடைத்தது.

இரண்டு திங்களாய் அக்குழந்தையின் வலக்கண்ணைப் பார்த்தார் இல்லை. தனக்கென ஒன்றும் கேளாத நங்கை, வேந்தருக்கு விடுத்த தன் ஓலையின் கடைசியில் இவ்வளவே எழுதினாள்: "பிள்ளை இப்போது தவழுமா என்று அறியேன்."

ஆதலின் வேந்தர் ஆணை: இவ்வோலை கண்ட அன்றே நும் கையாலேயே அம்முள்ளை அகற்றுக. சேந்தனையும் பொன்னிலையையும் குழந்தையோடு நங்கையிடம் நீரே உடனழைத்துச் செல்க. இனித் திங்கள்தோறும் அக்கண் பார்க்கப்படுக. இது சாபமன்று, நோயென்று ஊரவையில் உரக்கப் படிக்கச் செய்க. அன்று நங்கை சமைத்ததை அவள் மனையிலேயே அமர்ந்து, ஊரார் காண, நீர் உண்டு வருக.

கயல் முத்திரையிட்டு விடுத்தோம். மறுமொழி வேண்டா, செய்து முடிக்க.