கையைத் தூக்கு

ஏப்ரல் 9
மாலை 6.47. லிஃப்ட்டின் மேல்தட்டில் உட்கார்ந்து கேபிளுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணன் போன் செய்தார். "மாப்ள, தங்கச்சிய ஒரு வேன்காரன் அடிச்சிட்டு நிக்காம போயிட்டான். செத்துப் போயிட்டாடா." வேலையை முடித்து, கதவைப் பூட்டி, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன்?

மே 4
அவள் நடத்தவேண்டிய கூடைப்பந்து முகாம் நாளை ஆரம்பம். கிளப் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்களும் காலேஜ் டீம்ல ஆடினவர்தானே தம்பி? பசங்க ஏங்கிப்போயிருக்குதுங்க." சரி என்றேன். வீட்டில் இருந்தால் சுவரைக் குத்துகிறேன். விரல் மூட்டில் தோலே இல்லை.

மே 5
இருப்பதிலேயே குள்ளமான பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் சுண்டெலி. பந்துக்கு எகிறும்போது சுண்டெலி ஒரு தடியனின் மூக்கில் முழங்கையை விட்டாள். நான் விசில் ஊதுமுன்பே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.
"எதுக்கு கை தூக்குற?"
"தப்பு பண்ணவங்களே தூக்கணும் சார். ரெஃபரி பாக்கலைன்னாலும். மிஸ்ஸோட ரூல்."
"இனிமே வேணாம். யாரும் பாக்கலைன்னா ஓடிட்டே இரு."
"மிஸ் திட்டுவாங்க."
"மிஸ்தான் இல்லியே."
மூக்கில் பஞ்சோடு தடியன்தான் வாய் திறந்தான்: "அவளுக்குக் கை எட்டல சார், அதான் முழங்கை." எல்லாரும் சிரித்தார்கள்.

மே 6
இடுப்பால் எப்படி இடிப்பது, முழங்கையை எங்கே மறைப்பது. இன்று அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது. தரையில் சிந்திய ரத்தத்தை நானே துடைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இல்லை, பிடித்திருந்தது.
மச்சான் போன்: "வேன்காரன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு. போலீஸ்கிட்ட விட்டா நாலு நாள்ல வெளிய வந்துடுவான். நாளைக்கு சாயங்காலம் அவன் ஷெட்டுக்குப் போறோம். முதல் அடி உன்னோடது."

மே 7
செஞ்சிட்டேன்.
வேனைக் கழுவிட்டிருந்தான். என் வயசுதான் இருக்கும். "பயத்துல ஓடிட்டேண்ணே, பயத்துல—" மச்சான் வாயிலயே மிதிச்சாரு. நான் வேலைக்குக் கொண்டுபோற பெரிய ஸ்பேனரை எடுத்தேன். முட்டியில ஒண்ணு. அதே முட்டியில இன்னொண்ணு. எலும்பு உடைஞ்சுச்சு, கையில தெரிஞ்சுது. தடுக்க கையைத் தூக்கினான். அந்தக் கையிலயும் போட்டேன். அப்புறம் அவன் அசையல. "போதும் மாப்ள, ஓடு!" ஓடினேன். மூச்சு இருக்கான்னுகூட குனிஞ்சு பாக்கல.
அவளைப் போட்டுட்டு அவனும் இப்படித்தான் ஓடியிருப்பான், இல்ல?

மே 8
சாகவில்லையாம். கால் போய்விட்டது. அடித்தது யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டானாம். மச்சானுக்கு ஒரே சந்தோஷம்: "பயந்துட்டான். வாய மூடிட்டு வேலையப் பாரு."

மே 9
கடைசி நாள் ஆட்டம். செயலாளர்தான் ரெஃபரி. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பக்கமும் சமம். சுண்டெலி பந்தைத் தட்டிப் பறித்தாள். அடி பந்தில் விழவில்லை, எதிர்ப் பையனின் மணிக்கட்டில் விழுந்தது. நான் பார்த்தேன். செயலாளர் பார்க்கவில்லை. கூடைக்கு முன்னால் தடுக்க யாருமில்லை. "ஓடு, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.
நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.
அந்த ஃபவுலில் அவள் அணி தோற்றது. "லூசு, லூசு" என்று தடியன் அவள் தலையில் தட்டினான். அவள் அழுதாள். ஆனாலும் செயலாளர் வந்து சொல்லும்வரை கையை இறக்கவில்லை.

ஸ்பேனரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன். உள்ளே நுழைந்தேன். கை தானாக மேலே போயிருக்கிறது. "கைய கீழ விடுய்யா, இதென்ன பள்ளிக்கூடமா?" என்றார் போலீஸ்காரர். "பெஞ்சுல உக்காரு, கூப்பிடுறேன்."
அந்தப் பெஞ்சில்தான் எழுதுகிறேன். என் பெயரை மட்டும் சொல்வேன். மச்சானின் கை அவர் தூக்கவேண்டியது.
அவர்தான் இவ்வளவு நேரமும் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். போனை அணைத்துவிட்டேன்.